பிரெஸ்தோ அக்காவும் பாலில்லாக் கணவாயும்

வன்னியில் தேங்காய்ப்பால் விடாமல் கணவாய் சமைத்து, அதை அயலட்டைக்கும் கொடுத்து, பிறகும் மரியாதையோடு வாழ்கிற ஒரே மனிதர் பிரெஸ்தோ அக்காதான். இதை எந்தக் கோயில் வாசலிலும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையென்றால் பாவம், படித்த பிள்ளை என்று விட்டுவிடுவார்கள். கறிக்குப் பால் விடவில்லையென்றால் அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வாக்காளர் இடாப்பைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. கொக்கிளாயில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். ஊர் இடம்பெயர்ந்த காலத்தில் அங்கே இங்கே அலைந்து, கல்யாணம் முடித்து, கணவரோடு இத்தாலிக்குப் போய், பலேர்மோ என்ற நகரத்தில் ஒரு பணக்காரக் கிழவியின் குசினியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். திரும்பி வந்து முல்லைத்தீவு ரவுணில் ஒரு வீடு கட்டி, முன்னறை இரண்டையும் வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு வாடகைக்குக் கொடுத்தார். வாய் திறந்தால் "பிரெஸ்தோ, பிரெஸ்தோ" என்பார். இத்தாலிய மொழியில் அதற்குக் "கெதியா, விரைவா" என்று அர்த்தமாம். எங்கள் தெரு ஓட்டோக்காரர் வெகுகாலம் அதை ஒரு சவர்க்காரத்தின் பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் நெளுக்குளத்துப் பிள்ளை. முல்லைத்தீவில் ஒரு கந்தோரில் வேலை கிடைத்து, ஒரு பின்னேரம் சூட்கேசோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். வாடகை, தண்ணீர், கரண்ட் பற்றியெல்லாம் அக்கா ஒன்றும் பேசவில்லை. மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, இரவைக்கு எத்தினை மணிக்குச் சாப்பிடுறனி?"

"ஒன்பது, ஒன்பதரை ஆகும் அக்கா."

"ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்துக்குப் படுக்கிறது. விடியுமட்டும் அந்தச் சோறு என்ன செய்யும்? உன்ர வயித்துக்கை இருந்து தாயம் விளையாடுமோ?"

நான் சூட்கேசை உள்ளே வைத்தேன். "போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வா. சாப்பாடு ஆயத்தம்" என்றார். போகிற வழியில் குசினியை எட்டிப் பார்த்தேன். அடுப்புப் பற்றவைக்கப்படவில்லை. இறால் ஓட்டோடு கிடந்தது. தக்காளிப்பழம் முழுசாக இருந்தது. இந்த வீட்டில் ஆயத்தம் என்ற சொல்லுக்கு வேறு கருத்துப் போல என்று நினைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். முகம் கழுவி, உடுப்பு மாற்றி, வந்து சேர்ந்துவிட்டேன் என்று அம்மாவுக்குப் போனில் சொல்லி முடிக்க, மேசையில் பீங்கான் இருந்தது. உள்ளியும் தக்காளியும் மணக்க, சிவந்து சுருண்ட இறால். அதோடு கத்தரிக்காய், கறிமிளகாய், பயித்தங்காய், எல்லாம் நிறம் மாறாமல் பளபளவென்று. மேலே ஏதோ ஒரு பச்சை இலை.

"கறி எங்கை அக்கா?"

"உதுதான் கறி."

"சோறு?"

"அதுக்குள்ள கொஞ்சம் கிடக்கு. தேடிப் பார்."

தேடினேன். ஒரு பிடி சிவத்தப் பச்சையரிசிச் சோறு மரக்கறிகளுக்கு அடியில் ஒளித்திருந்தது. அன்று படுக்கும்போது எனக்குப் பசிக்கப் போகிறது என்று பயந்து, பைக்குள் பிஸ்கற் எடுத்து வைத்துக்கொண்டேன். விடியப் பார்த்தால் பிஸ்கற் அப்படியே இருந்தது. அன்றிரவு நான் நெஞ்செரிவு இல்லாமல் தூங்கியிருந்தேன். எனக்கு நெஞ்செரிவு இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அக்காவின் குசினியில் மணிக்கூடு கிடையாது. நேரத்தைச் செபத்தால் அளப்பார். இறாலுக்கு மூன்று செபம். கணவாய்க்கு இரண்டு. "ரெண்டுக்கு மேல போனா அது கணவாய் இல்லை, சைக்கிள் ரியூப்" என்பார். தாச்சியில் கணவாய் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு படபடவென்று செபத்தைச் சொல்லி, "ஆமென்" என்ற சொல்லோடு தாச்சியை இறக்கிவிடுவார். அவருக்குக் காய்ச்சலாக இருந்த ஒருநாள் நான் சமைத்தேன். நான் சைவசமயக்காரி. செபம் தெரியாததால் அப்பா சொல்லித்தந்த பிள்ளையார் தோத்திரத்தைச் சொன்னேன். அதை இராகத்தோடு இழுத்துச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். கட்டிலில் இருந்தபடியே அக்கா ஒரு துண்டை வாயில் வைத்து, வெகுநேரம் மென்றுவிட்டு, "உங்கட பிள்ளையாருக்கு அவசரமே இல்லைப் போல" என்றார்.

மற்ற அறையில் இருந்தவள் ரிஹானா. மருந்துக்கடையில் வேலை. அவளுடைய குடும்பம் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்துக்குப் போனது. சொந்தக்காரர் சிலர் வன்னிக்குத் திரும்பிவிட்டார்கள், வாப்பாவும் உம்மாவும் இன்னும் புத்தளத்தில்தான். இத்தாலியில் இந்தச் சாப்பாட்டுக்கு ஒரு மிடறு வெள்ளை வைன் விடுவார்களாம். ரிஹானா வந்து சேர்ந்த அன்றைக்கே அக்கா தான் வைத்திருந்த வைன் போத்தலை எடுத்து, அவள் பார்த்திருக்க, கிணற்றடி வாழைக்கு ஊற்றினார். சட்டி பானையெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தார்.

"இனி இந்த வீட்டில தேசிக்காய்தான்" என்றார்.

"எனக்காக ஏன் அன்ரி? ருசி மாறிப் போகாதோ?" என்று ரிஹானா கேட்டாள்.

"பலேர்மோவில இருந்து ஆர் இஞ்சை வந்து சட்டியை மணந்து பாக்கப் போயினம்? ஒரே சட்டியில மூண்டு பேரும் சாப்பிடவேணும். அதுதான் ருசி."

அந்த வாழை அடுத்த மாதமே பெரிய குலை தள்ளியது. அந்தப் பழத்தைச் சாப்பிடலாமா என்று ரிஹானா வாப்பாவைப் போனில் கேட்டு, வாப்பா பள்ளிவாசலில் கேட்டு, பதில் வருவதற்குள் குலையை அணில் முடித்துவிட்டது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். சாமி கும்பிடுகிற நேரத்தில் உள்ளி மணம் மதிலைத் தாண்டி வருகிறது என்று ஒருநாள் முறையிட வந்தார். வாசலில் நின்று நியாயம் கதைக்கத் தொடங்கினார். அக்கா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. "சொல்லுங்கோ ஐயா, கேக்கிறன்" என்றபடி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, ஒரு பீங்கானை முன்னால் வைத்தார். தபாலதிபர் முறைப்பாட்டின் பாதியில் கத்தரிக்காயை வாயில் வைத்தார். மற்றப் பாதியை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த கிழமை முதல் மதிலுக்கு மேலால் அவர் வீட்டுத் தோட்டத்துக் கத்தரிக்காய் வரத் தொடங்கியது. கூடவே, "வெள்ளிக்கிழமை மட்டும் உள்ளியைக் குறையுங்கோ" என்று ஒரு வேண்டுகோளும்.

இப்படிச் சிரிப்பும் சாப்பாடுமாய்ப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது.

அப்பா கமக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்து குடியேறிய குடும்பம். காட்டையும் யானையையும் சமாளித்து நெல் விளைவித்த மனுசன். ஆஸ்பத்திரியில் இதயக் குழாய்க்குள் ஏதோ வைத்து, ஆளைத் தப்பவைத்து அனுப்பினார்கள். உப்பைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள், சோற்றைக் குறையுங்கள், மரக்கறியைக் கூட்டுங்கள் என்று சொன்னார்கள். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் தண்ணீரில் அவித்தார். அவித்த முட்டைக்கோவா. அவித்த கரட். அவித்த போஞ்சி. அப்பா மூன்று வேளையும் பீங்கானைப் பார்ப்பார், அம்மாவைப் பார்ப்பார், எழும்பிப் போய்விடுவார். மெலிந்துகொண்டே போனார். பிறகு மெலிவது நின்றது. அம்மா சந்தோசப்பட்டார். ஒருநாள் என் அண்ணா, சந்தியிலுள்ள கடையின் பின்பக்கம் அப்பா மட்டன் ரோல்சும் பரோட்டாவுமாக இருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தான். வயலுக்குப் போகிறேன் என்று சொல்லி அப்பா போன வயல் அதுதான்.

அண்ணா இதைப் போனில் சொன்னபோது நான் வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கேட்டா, அவிச்ச புல்லைத் திண்டு நூறு வயசு வரைக்கும் இருக்கிறதிலும் பாக்க இது பறவாயில்லை எண்டுறார். இன்னொருக்கா நெஞ்சுவலி வந்தா டொக்டர் பொறுப்பில்லையாம்" என்றான்.

திரும்பினால் பின்னால் அக்கா. முழுவதையும் கேட்டிருந்தார். கேற்றை என் கையிலிருந்து வாங்கிச் சாத்தினார்.

"சனிக்கிழமை நாங்கள் நெளுக்குளம் போறம்" என்றார் பிறகு.

"அக்கா, அவர் ஆர் சொன்னாலும் கேக்கமாட்டார்."

"நான் சொல்ல வரேல்ல, பிள்ளை. சமைக்க வாறன்."

அடுத்த நாளே மருந்துக்கடை, கிளினிக் என்று அலைந்து, அப்பாவின் வருத்தத்துக்கு இறால் எவ்வளவு ஆகும், எந்த எண்ணெய் எவ்வளவு ஆகும் என்று ஒரு டொக்டரை வழிமறித்து விசாரித்தார். அளவோடு என்றால் பயமில்லை, பொரிக்காமல், பால் விடாமல் என்று டொக்டர் சொன்னாராம். "இருபது வருசமா நான் சொல்லுறதை அந்தப் பிள்ளை படிச்சுப்போட்டுச் சொல்லுது" என்று அக்காவுக்கு ஒரே சந்தோசம். சனிக்கிழமை காலை கொக்கிளாயிலிருந்து சொந்தக்காரர் கணவாயும் இறாலும் கொண்டுவந்தார்கள். ஒரு ஆளுக்கு என்று அளந்து வாங்குகிற பழக்கம் அக்காவுக்கு இல்லை. ரெஜிபோம் பெட்டி நிறைய ஐசும் மீனும். ஒரு சாக்கு நிறையத் தபாலதிபரின் கத்தரிக்காயும், தக்காளியும், கறிமிளகாயும், முருங்கையிலையும். நெளுக்குளத்தில் பஞ்சம் என்று ஆரோ சொல்லியனுப்பியது போல் நாங்கள் பஸ் நிலையத்துக்குப் போனோம்.

கொண்டக்டர் பெட்டியைக் கண்டதும் கையை விரித்தார். "அக்கா, மீன் பெட்டி ஏத்தேலாது. பஸ் மணக்கும்."

"மணக்கிற மீன் எண்டா நானே ஏத்தமாட்டன். இந்தா, மூடியைத் திறந்து வடிவா மணந்து பார்."

கொண்டக்டர் குனிந்து மணந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சற்று ஏமாற்றம். "கடல் மணம்தான் வருது."

"அப்ப ரிக்கெற்றை வெட்டு, தம்பி."

நெடுங்கேணி தாண்டியதும் பஸ்ஸின் என்ஜினுக்குள் யாரோ உரலில் இடிப்பது போல் சத்தம் கேட்டது. சாரதி அதைக் கேட்காதவர் போல் ஓட்டினார். புளியங்குளம் சந்தியில், கண்டி வீதியில் ஏறுகிற இடத்தில், இடிக்கிற சத்தம் நின்றது. பஸ்ஸும் நின்றது. வவுனியாவிலிருந்து மெக்கானிக் வரவேண்டும் என்றார் சாரதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ்களெல்லாம் வாசற்படிவரை ஆட்களோடு எங்களைப் பார்த்துக் கைகாட்டிவிட்டுப் போயின. விடுமுறைக் கூட்டம். நான் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். ஓட்டோவில் வருகிறேன், அங்கேயே நில்லுங்கள் என்றான்.

அக்கா பெட்டியைத் திறந்து கையை விட்டார். ஐஸ் முக்கால்வாசி தண்ணீர்.

"இது இனி நெளுக்குளம் பாக்காது" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பாடுபட்டு, பெட்டியைச் சந்தியில் கொட்டிவிட்டுப் போவதா. அக்கா என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். யன்னலோரம் ஒரு குழந்தை பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. தாய் வெறும் பால் போத்தலைக் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ரிஹானாவின்ர மாமாவுக்கு இஞ்சை கடை இருக்கெண்டெல்லோ சொன்னவள்?"

இருந்தது. சந்தியிலிருந்து கூப்பிடு தூரம். நான் ரிஹானாவுக்குப் போன் எடுக்க, அவள் மாமாவுக்குப் போன் எடுக்க, நாங்கள் போய்ச் சேரும்போது, எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற அந்த மாமா கடை வாசலில் நின்றார். மலர்ந்த முகத்தோடு, "நீங்கள்தானோ பிரெஸ்தோ? உங்கட சாப்பாட்டுக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு நாக்கு வறண்டு போச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா இண்டைக்கு வந்தது சரியில்லை. இடியப்பம் அவிச்சு வைச்சிருக்கு. கறி காய்ச்சுறவர் வரேல்ல. சம்பல் மட்டும்தான்."

"என்ன மா இடியப்பம்?"

"சிவப்பு மா."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். பலேர்மோவிலும் நூல் நூலாய் ஒன்றைத்தான் அவித்து இந்த இறாலோடு பிரட்டுவார்களாம். அதைக் கோதுமை மாவில் செய்வார்களாம், எங்களுடையது இன்னும் திறம் என்றார். "நானா, உங்கட குசினியைத் தாறியளோ? கெதியாத் திருப்பித் தந்திடுவன்."

அதன்பின் நடந்ததைப் புளியங்குளம் இன்றும் கதைக்கிறது என்று நானா சொல்கிறார். அக்கா பஸ்ஸில் ஏறி, "சமைக்கப் போறன். ரெண்டு கை வைச்சிருக்கிற எல்லாரும் இறங்குங்கோ" என்றார். கொண்டக்டருக்குத் தக்காளி. கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேலையில் வந்த இரண்டு சகோதரிகளுக்கு உள்ளி. ஒரு வங்கி முகாமையாளருக்கு இறால் ஓடு கழற்றும் வேலை கிடைத்தது. அவர் நகத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், உட்கார்ந்து கழற்றினார். மழை அங்கி ஒன்றை முன்னால் கட்டிக்கொண்டு, நானாவின் பெரிய தாச்சிக்கு முன்னால் நின்ற அக்காவை யாராவது பார்த்திருந்தால், இவர் ஒரு சமையற்காரி என்று நினைத்திருக்க மாட்டார்கள். துறைமுகத்தில் கப்பல் இறக்குகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

கத்தரிக்காய், கறிமிளகாய் வதங்கி ஒதுங்கியது. உள்ளி சிவக்கவிடாமல் தக்காளி விழுந்தது. இறால் வந்து போனது. கடைசியாகக் கணவாய். இவ்வளவு பெரிய தாச்சிக்குத் தன் ஒருத்தியின் செபம் காணாது என்று அக்காவுக்குப் பட்டிருக்க வேண்டும். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார்.

"கணவாய் போட்டாச்சு. எல்லாரும் அவரவர் கடவுளிட்டை ஒரு வேண்டுதல் வையுங்கோ. பெரிசு வேண்டாம். சின்னது."

ஒரு கணம் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பட்டுச்சேலைச் சகோதரிகள் கைகூப்பினார்கள். நானா கண்ணை மூடி உதட்டை அசைத்தார். சாரதி பஸ் நின்ற திசையைப் பார்த்து உருக்கமாக ஏதோ கேட்டார். வங்கி முகாமையாளர் இறால் கையோடு வானத்தைப் பார்த்தார். அக்கா தேசிக்காயைப் பிழிந்து, முருங்கையிலையைத் தூவி, "ஆமென்" என்று தாச்சியை இறக்கினார். அப்படிப் பஞ்சு போன்ற கணவாயை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் இல்லை.

பரிமாறிக்கொண்டிருக்கும்போது ஒரு ஓட்டோ வந்து நின்றது. அண்ணா இறங்கினான். அவனுக்குப் பின்னால், சாரமும் வெள்ளைச் சேர்ட்டுமாக, ஒரு சுற்று மெலிந்து, அப்பா. "பிள்ளை தனிய ரோட்டில நிக்குது, நானும் வருவன்" என்று பிடிவாதமாக ஏறிவிட்டாராம். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. மூக்கை உயர்த்தி எதையோ தேடினார்.

"இஞ்சை என்ன சாப்பாடு போகுது?"

நான் வாயைத் திறக்கமுன் நானா ஒரு கதிரையை இழுத்துவிட்டார். "இருங்கோ ஐயா. எல்லாருக்கும் இருக்கு." இடியப்பத்தின் மேல் இறாலும் கணவாயும் மரக்கறியும் ஊற்றிய பீங்கான் அப்பாவின் முன்னால் வந்தது. அப்பா ஒரு வாய் வைத்தார். பக்கத்தில் இருந்த கொண்டக்டரைப் பார்த்து, "கறி காய்ச்சினது ஆர் தம்பி?" என்றார். இன்னொரு வாய். "கத்தரிக்காய் கத்தரிக்காயா இருக்கு." பீங்கான் வெறுமையானதும் கையை நீட்டி, "இன்னும் ரெண்டு இடியப்பம் வையுங்கோ" என்றார். மாதக்கணக்கில் அவர் வாயிலிருந்து வராத சொல்.

அண்ணாவின் போன் அடித்தது. அம்மா. ஸ்பீக்கரில் போடாமலே எல்லாருக்கும் கேட்டது. "அங்கை ஏதும் கடைச் சாப்பாடு வாங்கிக் குடுத்துப்போடாதை. நான் இஞ்சை கோவா அவிச்சு வைச்சிருக்கிறன்." அப்பா எட்டிப் போனை வாங்கி, "நான் சாப்பிட்டாச்சு. கோவாவை மாட்டுக்கு வை" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அப்போதுதான் அக்கா மழை அங்கியோடு வெளியே வந்தார்.

"அண்ணை, உங்களுக்குத்தான் கொண்டு வந்தனான். இது வருத்தக்காரருக்கு எண்டு சமைச்ச சாப்பாடு. பாலும் இல்லை, பொரிக்கவும் இல்லை, உப்பும் ஒரு சிட்டிகைதான்."

அப்பாவின் கை பீங்கானில் நின்றது. முகம் மாறியது. எனக்கு அக்காவின் மேல் கோபம் வந்தது. ஏன் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் சாப்பிட்டு முடித்திருப்பாரே.

"தங்கச்சி," என்றார் அப்பா மெதுவாக, "வருத்தக்காரன், வருத்தக்காரன் எண்டு தனியா வைச்சுத் தந்தா, தொண்டையால இறங்குதில்லை. எல்லாரும் ஒரு சாப்பாடு சாப்பிட, நான் மூலையில இருந்து என்ர சாவைச் சாப்பிடுற மாதிரி கிடக்கு."

அவ்வளவு நாளும் நாங்கள் ஒருவரும் அவரிடம் கேட்காததற்கு அவர் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் பதில் சொல்லியிருந்தார்.

அக்கா பஸ்காரர்களைக் கையால் காட்டினார். "ஒரே தாச்சிதான் அண்ணை. தனியா ஒண்டும் வைக்கேல்ல. உங்கட சாப்பாட்டைத்தான் இவ்வளவு பேரும் சாப்பிடுகினம்."

அப்பா சுற்றிலும் பார்த்தார். பட்டுச்சேலைகள் பீங்கானை வழித்துக்கொண்டிருந்தார்கள். சாரதி மூன்றாம் முறை கையை நீட்டிக்கொண்டிருந்தார். சிணுங்கிய குழந்தையின் வாயைச் சுற்றித் தக்காளி. அப்பா குனிந்து மிச்ச இடியப்பத்தைப் பிசைந்தார். "உப்பு கொஞ்சம் குறைவுதான்" என்றார். பீங்கானை முடித்துவிட்டுத்தான் எழும்பினார்.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு அக்காவைத் தேடினேன். குசினிக்குப் பின்னால் ஒரு மரக்குற்றியில் இருந்தபடி, மிஞ்சிய இடியப்பத்தைச் சம்பலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாச்சியில் அவருக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அக்கா, ஏன் சொன்னனீங்கள்? பயந்து போனன்."

"ஏமாத்தித் தீத்தினா ஒரு நாளைக்குத்தான் சாப்பிடுவார்." கொஞ்சம் மென்றார். "அந்தப் பலேர்மோக் கிழவிக்கு நான் ஒவ்வொரு நாளும் இதைத்தான் செய்து குடுத்தனான். கிழவி தொண்ணூறைத் தாண்டிச்சு. எங்கட வீட்டில என்ர மனுசனுக்கும் எனக்கும் ரெண்டு ரெண்டு வேலை. அவர் திண்டது வேலை செய்த கடையில மிஞ்சின பொரியல். நாளைக்கு உங்களுக்கும் செய்து தாறன் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தன். நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழேக்கை அவருக்கு ஐம்பது வயசும் இல்லை." பீங்கானைப் பார்த்தபடி சொன்னார். "பெரிய வேலையோ, பிள்ளை? அரை மணித்தியாலம் கூட இல்லை."

அவருடைய பீங்கானை வாங்கிக் கழுவினேன்.

பஸ் திருத்தி முடியமுன் நாங்கள் ஓட்டோவில் நெளுக்குளம் வந்துவிட்டோம். அக்கா ஒரு கிழமை எங்கள் வீட்டில் நின்றார். முதல் இரண்டு நாள் அம்மாவும் அவரும் குசினியில் இரண்டு அரசாங்கங்கள் போல இருந்தார்கள். அம்மா தேங்காய் திருவலையை எடுத்து வைப்பார், அக்கா எடுத்து ஒளிப்பார். மூன்றாம் நாள் அம்மா கணவாய்த் துண்டொன்றை வாயில் வைத்துவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு, "எத்தினை செபம் எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டிதான். அண்ணா முதலில் முணுமுணுத்தான். இப்போது அவனுடைய தொப்பை வண்டி குறைந்துவிட்டது. அப்பா வயலுக்குப் போகிறார், இந்த முறை உண்மையான வயலுக்கு. கிளினிக்கில் டொக்டர் அவருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, "பஸ் பழுதாப் போச்சு" என்றாராம்.

எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்து இரண்டு வருடமாகிறது. அக்காவின் முன்னறையில் வேறொரு பிள்ளை இருக்கிறாள். மேசைக்குப் போனைக் கொண்டுவந்தால் பேச்சு விழும் என்று அவளை இப்போதே எச்சரித்து வைத்திருக்கிறேன். பொழுதுபடுகிற நேரத்தில் அக்காவிடமிருந்து அழைப்பு வரும். சாப்பிட்டியோ என்று கேட்க எனக்கு ஊர் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். என்ன சாப்பிட்டனி என்று கேட்டு, மரக்கறியின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து, கடைசிவரை கேட்டுவிட்டுப் போனை வைக்க, எனக்கு அவர் ஒருவர்தான்.